பூச்சிமருந்தை மதிப்பிடப் போகும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

ஃபரிதாபாத்தில் பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழு அலுவலகத்தில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக உன் அப்பா சொன்னான். மனம் நிறைந்தது. நச்சியலும் வேதியியலும் அங்கே பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அங்கே கற்கும் கணக்கை எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பத்து ஆண்டு கழித்துத்தான் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. பதிவுக் குழு ஒப்புக்கொள்ளாத மருந்தை இந்தியாவில் விற்க முடியாது என்கிறது அந்தச் சட்டம்.

உன் மேசைக்கு வரும் கோப்பில் விலங்குச் சோதனை முடிவுகள் இருக்கும். ஒரு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வரை எலிக்குத் தீங்கு செய்யவில்லை என்று வைத்துக்கொள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்தால் வகுப்பார்கள். மனிதருக்குள் நோயாளி, கர்ப்பிணி, குழந்தை என்று இருப்பதால் இன்னொரு பத்தால் வகுப்பார்கள். மிஞ்சுவது 0.01 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 0.15 மில்லிகிராம்தான் எல்லை. ஒரு கிலோ கீரையில் 1 மில்லிகிராம் எச்சம் இருந்தால், 150 கிராம் கீரையிலேயே அந்தப் பிள்ளை எல்லையைத் தொட்டுவிடும்.

இனி நம் ஆவடிப் பக்கத்துக்கு வா. மருந்தைப் பயிர்வாரியாகத்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் நெல்லுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருந்தால் அது கீரைக்கும் போகிறது. சிறுகீரை விதைத்து இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று லேபிளில் இருக்கலாம். பறிக்கிற நேரத்தில் புழு விழுந்தால் அந்த நாட்களை யார் எண்ணுவார்கள்?

அடிக்கிறவரையும் பார். லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முதுகில் டேங்க்கைச் சுமந்து நிற்பார். மூடி கசிந்து சட்டை நனைந்திருக்கும். கோப்பில் கையுறை, முகக்கவசம், முழுக்கை உடை எல்லாம் உண்டு. ஆவடி வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு ஒரு ஏக்கர் அடித்து முடிக்க யாராலும் முடியாது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் இறந்தார்கள். பழியை அவர்களின் கவனக்குறைவின் மேல் போடுவது எளிது. போடாத கவசத்தைப் போட்டதாக நம்பிப் பதிவு கொடுப்பது மதிப்பீட்டின் பிழை என்றே நான் சொல்வேன்.

மதிப்பீட்டாளர் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. உலக சுகாதார நிறுவனம் கொடிய நஞ்சு என வகைப்படுத்திய மருந்துகளை 1995இல் அங்கே நிறுத்தினார்கள், 1998இல் எண்டோசல்பானையும். அடுத்த பத்தாண்டில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியானது. விளைச்சல் சரியவில்லை. ஒரு பதிவாளர் அலுவலகத்தின் முடிவு எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது பார்!

இந்தியாவில் நாம் மெதுவாகத்தான் போகிறோம். வெளிநாடுகளில் தடை செய்யப்பட்டும் இங்கே புழக்கத்தில் இருந்த 66 மருந்துகளை மறு ஆய்வு செய்ய 2013இல் அனுபம் வர்மா குழு அமைந்தது. அவற்றில் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது 2018இல். ஒரு மருந்தை மாநில அரசு தடுத்தாலும் அது சில வாரங்களுக்குத்தான் செல்லும். நிரந்தரமாக நிறுத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது, அதற்கு ஆலோசனை சொல்லும் இடத்தில்தான் நீ உட்காரப் போகிறாய்.

ஃபரிதாபாத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு காலையில் திருநின்றவூர் பக்கம் போய், மருந்தடிக்கிறவரோடு கடைசி வரை நின்று பார். எதைக் கலக்கிறார், எங்கே கை கழுவுகிறார், காலி டப்பாவை என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள். முதல் கோப்பைத் திறக்கும்போது அந்தக் குறிப்பும் உன் மேசைமேல் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா
ஆவடி