விளக்கு அணைந்த ஊர்கள்

ஊர் என்னும் சொல்லுக்குத் தமிழ் மக்கள் உள்ளத்தில் தனியிடம் உண்டு. புதியவர் ஒருவரைக் கண்டால், அவர்தம் பெயரை வினவுவதற்கு முன்னரே, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்பது நம் வழக்கம். பிழைப்பை நாடித் தொலைவிற் சென்றவரும் பொங்கலுக்கும் திருவிழாவிற்கும் பிறந்த ஊரைத் தேடி வருவர். இவ்வாறு மக்கள் தம் உயிரோடு ஒட்டியதாகக் கருதும் ஊரும் ஒருநாள் மடிவதுண்டோ? உண்டு. மக்கள் நீங்கிப் பாழான ஊரைத் தக்காணத்துப் பழைய நிலவரி ஏடுகள் 'பேச்சிராக்' என்று குறிக்கும். அது பாரசீகச் சொல். 'விளக்கு இல்லாதது' என்பது அதன் பொருள். மாலையில் விளக்கேற்ற ஒருவரும் இல்லாத ஊர் பெயரளவில் மட்டுமே ஊராகும்.

விளக்கு அணைந்த ஊர்கள் உலகெங்கும் உள்ளன. அவை ஏன் அணைந்தன என்று ஆராய்வது, அணையாத ஊர்களில் வாழும் நமக்கும் பயன் தரும். முதலில் வடதுருவத்தை அடுத்த குளிர்நாடு ஒன்றிற்குச் செல்வோம்.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ளது அலாஸ்கா. பனிமலைகளும் உறைபனி ஆறுகளும் நிறைந்த அந்நிலத்தில், 1900ஆம் ஆண்டில், கனிமம் தேடித் திரிந்தோர் இருவர் ஒரு மலைச்சரிவு பச்சை நிறமாய்த் தோன்றுவதைக் கண்டனர். அது புல்லின் பசுமை அன்று. செம்புத் தாதுவின் பசுமை. அச்செம்பைக் கடற்கரைக்குக் கொண்டு செல்ல, மலையையும் ஆற்றையும் கடந்து 196 மைல் நீளத்திற்கு இருப்புப் பாதை அமைத்தனர். 1911இல் அப்பாதை முடிந்தது. கென்னிகாட் என்னும் ஊர் தழைத்தது. தாதுவைப் பிரிக்கும் ஆலை பதினான்கு அடுக்கு உயரத்திற்கு எழுந்தது. மருத்துவமனையும் பள்ளியும் தொழிலாளர் குடியிருப்புகளும் தோன்றின. ஆயின், மலையில் இருந்த செம்பு அளவுக்கு உட்பட்டதன்றோ? உயர்ந்த தாது தீர்ந்தது. 1938 நவம்பரில் கடைசிப் புகைவண்டி அவ்வூரை விட்டுப் புறப்பட்டது. அதனோடு ஊரும் புறப்பட்டுவிட்டது எனலாம். செந்நிறம் பூசிய அவ்வாலை இன்று காண வருவோர்க்கு ஒரு காட்சிப்பொருளாய் நிற்கின்றது.

கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்து வடகோடியில், அத்தபாஸ்கா ஏரியின் வடகரையில், மற்றோர் ஊர் உண்டு. யுரேனியம் கிடைத்ததனால் அதற்கு 'யுரேனியம் சிட்டி' என்றே பெயரிட்டனர். எல்லாப் பருவத்திலும் செல்லத்தக்க சாலை அவ்வூர்க்கு இல்லை. வானூர்தியே துணை, கடுங்குளிரில் ஏரி உறைந்த பின்னர் அப்பனியின்மேல் வண்டி செல்லும். அத்தகைய தனிமையிலும் ஆயிரக்கணக்கானோர் அங்கு வாழ்ந்தனர். 1982இல் சுரங்கம் மூடப்பட்டது. சின்னாட்களில் ஊர் வெறுமையுற்றது. இன்று அங்கு வாழ்வோர் நூற்றுக்கும் குறைவு. மூடிய வீடுகள் வரிசை வரிசையாய்க் கிடக்கின்றன.

இங்கு நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுரங்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அந்நிலப்பகுதியில் தெனே என்னும் பழங்குடி மக்கள் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். சுரங்கம் மூடிய பின்னரும் அவர்கள் அப்பகுதியில் வாழ்ந்து வருகின்றனர். குளிர் அவர்களை விரட்டவில்லை, தனிமையும் விரட்டவில்லை. நிலம் ஆண்டுதோறும் புதிதாய்த் தருவதைக் கொண்டு வாழ்ந்தவர் நிலைத்தனர். நிலத்தில் ஒருமுறையே இருந்ததை எடுத்து வாழ்ந்தவர் கலைந்தனர்.

இது குளிர்நாட்டுக் கதை என்று எண்ணிவிடுதல் ஆகாது. தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழ்ந்த கோலார் தங்கவயலும் இக்கதையையே கூறும். கருநாடக மாநிலத்தில் உள்ள அவ்விடத்தில், 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கச் சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு சென்றனர். காவிரி பாயும் சிவசமுத்திரத்தில் ஆக்கிய மின்சாரம் 1902இல் தங்கவயலுக்கு வந்தது. இந்தியாவின் பெரும்பாலான நகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் அங்கு மின்விளக்கு எரிந்தது! உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறையின் வெம்மையைப் பொறுத்துத் தொழிலாளர் உழைத்தனர். பாறை வெடித்தும் சரிந்தும் உயிர் துறந்தோர் பலர். கல்தூசியால் நுரையீரல் கெட்டோர் பலர்.

அவர்கள் எடுத்த தங்கம் உலகெங்கும் சென்றது. அவர்களுக்கு மிஞ்சியது சிறு வீடும் கூலியுமே. ஆழம் மிகுந்தது, செலவு ஏறியது, கிடைக்கும் தங்கம் குறைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல் முற்றும் பாழாகிவிடவில்லை. அவ்வூரார் பலர் நாள்தோறும் விடியற்காலையில் புகைவண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். ஊர் இருக்கின்றது, ஊரில் தொழில் இல்லை. தாது அரைத்த கழிவுமண் மட்டும் மலைபோல் குவிந்து, காற்றடிக்கும் காலத்தில் தூசியாய் எழுந்து தெருக்களில் படிகின்றது. பொன் விளைந்த வயலில் இன்று எஞ்சியிருப்பது அம்மண்மேடே.

இனி, இயற்கையின் சீற்றத்தால் அழிந்த ஊர் ஒன்றைக் காண்போம். இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் தனுஷ்கோடி இருக்கின்றது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் புறப்பட்ட பயணி புகைவண்டியிலேயே தனுஷ்கோடி வந்து சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னாரை அடைந்தார். புகைவண்டி நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், பள்ளி, மாதா கோயில் ஆகியவற்றோடு அவ்வூர் விளங்கியது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் வீசியது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கி வந்த புகைவண்டியை அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது ஊர் இல்லை. அது மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் நோக்கத்தக்கது. புகைவண்டிப் பாதை இராமேசுவரத்தோடு நின்றது. கப்பலும் அங்கிருந்தே புறப்படலாயிற்று. ஆகவே, வணிகரும் அலுவலரும் தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. அவர்கள் அங்கு வந்ததே கப்பலுக்காக அன்றோ? ஆனால், மீனவர் திரும்பினர். மணலில் ஓலைக் குடிசை கட்டி, ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து, அவர்கள் வலை வீசி வாழ்ந்தனர். 2017இல் புதிய சாலை திறக்கப்படும் வரை, நல்ல பாதையும் இல்லாமலே அவர்கள் பல்லாண்டுகள் அங்கு காலங்கழித்தனர். உறவினரைக் கொன்ற கடலருகே அவர்கள் மீண்டதன் காரணம் யாது? அக்கடல்தான் நாள்தோறும் அவர்களுக்கு உணவளித்தது. கல்லால் கட்டிய நிலையம் இடிந்து நிற்க, ஓலைக் குடிசையில் விளக்கு எரிந்தது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, மதுரைச் சமவெளிக்கு வருவோம். மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேலூர் இருக்கின்றது. நீர் திறந்துவிடும் பருவத்தில் அவ்வழியே செல்வோர் இருபுறமும் பச்சைப் பசேலென்ற நெல் வயல்களைக் காண்பர். அந்நிலம் எக்காலத்தும் அவ்வாறு இருந்ததன்று. முற்காலத்தில் அது மழையையும் கண்மாயையும் மட்டுமே நம்பிய வறண்ட நிலம். மழை பொய்த்தால் மக்கள் ஊரைவிட்டு வெளியேறுவதே வழி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் எண்ணற்றோர் மாண்டனர். எண்ணற்றோர் கப்பலேறி அயல்நாடு சென்றனர்.

மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பினால் இவ்வறட்சி நீங்கும் என்பது அறிஞர் சிலரின் நெடுநாளைய எண்ணம். பொறியாளர் பென்னிகுக் அதனைச் செயலாக்கினார். 1887இல் தொடங்கிய அணைவேலை, காட்டாற்று வெள்ளத்தாலும் கொடிய காய்ச்சலாலும் பலமுறை தடைப்பட்டது. உழைப்பாளர் பலர் அக்காட்டிலேயே உயிர்விட்டனர். மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்து நீர்வழி அமைத்தனர். 1895இல் பெரியாற்று நீர் மலையைக் கடந்து வைகையில் இறங்கியது; பேரணையிலிருந்து கால்வாய் வழியே மேலூர்ப் பக்கத்து வயல்களில் பாய்ந்தது. பஞ்சத்திற்கு அஞ்சிய ஊர்கள் நெல் விளையும் ஊர்களாயின. 1959இல் வைகை அணையும் எழுந்தது.

அவ்வாறாயினும், மேலூர் உழவருக்குக் கவலை தீர்ந்துவிடவில்லை. கால்வாயின் மேற்பகுதியில், கள்ளந்திரி வரை, ஆண்டுக்கு இருபோகம் விளையும். அதற்குக் கீழே உள்ள மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகமே. கடைமடைக்கு நீர் வருமோ, வாராதோ என்று ஆண்டுதோறும் அவர் எதிர்நோக்கியிருப்பர். ஆகவேதான் கண்மாய்கள் இன்றும் அவர்க்கு உயிராகும். கரையை உயர்த்துதல், மடையைப் பழுது பார்த்தல், கலுங்கைக் காத்தல், வரத்துக்கால்களில் தூர் எடுத்தல் ஆகிய இவை ஒருவர் செயலல்ல. ஊரார் கூடிச் செய்யவேண்டியவை. அறுவடை முடிந்து கண்மாயில் நீர் வற்றும் காலத்தில், சாதி வேறுபாடு பாராமல் ஊரார் அனைவரும் இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா இப்பகுதியில் நடைபெறுகின்றது. பொதுச்செல்வத்தைப் பொதுவாகக் காத்தவர், பொதுவாகவே துய்க்கும் நாள் அது.

மேலூரை அடுத்த அரிட்டாபட்டி இதற்குச் சிறந்த சான்று. அங்குள்ள குன்றில் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமண முனிவர் படுக்கைகளும் உள்ளன. பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலும் உண்டு. குன்றுகளிலிருந்து வழியும் நீர் சுனைகளையும் கண்மாய்களையும் நிரப்பும். 2022ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக மாநில அரசு அறிவித்தது. கல்வெட்டுக் காலந்தொட்டு அங்கு மக்கள் நடமாட்டம் இருந்து வருகின்றதெனில், அதற்குக் காரணம் அந்நீரேயாகும்.

2024ஆம் ஆண்டு நவம்பரில், அரிட்டாபட்டி உள்ளிட்ட மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் என்னும் கனிமத்தை வெட்டியெடுக்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஊரார் திடுக்கிட்டனர். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அவ்வுரிமையை நீக்கக் கோரித் தீர்மானித்தது. 2025 ஜனவரி 7ஆம் நாள், உழவரும் பெண்டிரும் முதியோரும் ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி நடந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கியது.

டங்ஸ்டன் தீயதோர் பொருள் அன்று. மின்விளக்கின் குமிழுக்குள் ஒளிரும் இழை அதனால் ஆனதே. செம்பும் பொன்னும் பிற கனிமங்களும் நாட்டிற்கு வேண்டுவனவே. அவற்றை எங்கும் எடுத்தலாகாது என்று எவரும் கூறார். எனினும், எடுக்குமுன் எழவேண்டிய வினா ஒன்றுண்டு: 'இது தீர்ந்தபின் இவ்வூர் எதனால் வாழும்?' என்பதே அது. கென்னிகாட்டில் அவ்வினாவிற்கு விடையில்லை. தங்கவயலில் அவ்வினாவைக் காலத்தோடு எழுப்பியிருந்தால், தொழிலாளரின் மக்களுக்கு வேறு தொழில் கிடைத்திருத்தல் கூடும். மேலூர் மக்கள் அவ்வினாவை முன்னரே எழுப்பினர். ஒருமுறை எடுத்தால் தீரும் பொருளுக்காக, ஆண்டுதோறும் ஊறும் நீரை இழக்க அவர் உடன்படவில்லை.

எனினும், வந்த கேட்டைத் தடுப்பது மட்டும் ஊரைக் காத்தல் ஆகாது. தடுத்து நிறுத்தியவர் கண்மாயைத் தூர்ந்துபோக விட்டால், விளக்கு மெல்ல மெல்ல அணையும். சுரங்கத்தால் ஒரே நாளில் வெறுமையுறும் ஊரும் உண்டு. கரை உடைந்து, நீர் வற்றி, இளைஞர் ஒருவர் பின் ஒருவராக வெளியேற, எவரும் அறியாமல் வெறுமையுறும் ஊரும் உண்டு. இரண்டாவது வகையை எந்த ஏடும் உடனே குறித்து வைப்பதில்லை.

மாணவர்களே! உங்கள் ஊர் எதனால் வாழ்கின்றது என்பதை நீங்கள் ஆராய்ந்து அறிதல் வேண்டும். கண்மாய் நீர் எங்கிருந்து வருகின்றது, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கின்றது, மடையைக் கடைசியாகப் பழுது பார்த்தது எப்போது என்று பெரியோரைக் கேட்டறியுங்கள். ஊரை நேசித்தல் என்பது ஊர்ப்பெயரைப் புகழ்ந்து பேசுதல் அன்று. ஊர் வாழ்வதற்கு வேண்டுவதை ஊரோடு கூடிக் காத்தலே ஆகும்.