மோட்டர் வாங்குமுன் ஊற்றை அளந்து பாருங்கள்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட கச்சான் காற்று வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு இருக்கும் தனி மணம் இந்தக் காற்றால் வருவது. பீலித் தண்ணீர் நூலாய் மெலிவதும் இதே மாதங்களில்தான். மலையிலிருந்து கொழுந்து எடுத்துத் திரும்பும் பெண்கள் கூடையை இறக்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரையில் வரிசையில் நிற்பார்கள். லயத்தில் யாராவது ஒருவர், “ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஆத்துல மோட்டர் வச்சிருவோம்” என்று பேச்சை எடுப்பதும் அப்போதுதான்.

அந்தப் பேச்சு வரும் லயங்களுக்காகவும், பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை நகரங்களில் கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியுமாக வாழும் வீடுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். மலைநாட்டில் மோட்டர் கடைசி வழி. நமக்கு மேலே ஊற்று இருக்கும்வரை, மலையின் உயரமே காசில்லாத மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டபோதும் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லீற்றர் தண்ணீரை 30 மீற்றர் உயரத்துக்கு ஏற்றக் குறைந்தபட்சம் 0.08 அலகு மின்சாரம் வேண்டும். வீட்டு மோட்டர்கள் இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை என்பதால் உண்மையில் 0.27 அலகு போகும். இருபது வீட்டு லயத்துக்கு நாளுக்கு 10,000 லீற்றர் ஏற்றினால் மாதம் 80 அலகு. உயரம் 60 மீற்றர் என்றால் 160 அலகு. பொது மோட்டருக்கு இந்தப் பில்லை மாதாமாதம் யார் கட்டுவது என்ற சண்டையில் நின்றுபோன திட்டங்கள் நிறைய. மோட்டர் எரிந்தால் சுருள் கட்டும் செலவு வேறு.

முதல் வேலை: அளவு

கோடையின் கடுமையான நாட்களில், விடியுமுன், யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் ஊற்றுக்குப் போங்கள். 20 லீற்றர் வாளியைப் பீலிக்குக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

வாளி நிரம்ப 100 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு மிக மெல்லிய தாரை. ஆனால் நிமிடத்துக்கு 12 லீற்றர், மணிக்கு 720 லீற்றர், ஒரு நாளுக்கு 17,280 லீற்றர். இருபது வீட்டில் நூறு பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் தேவை 10,000 லீற்றர்தான். தேவைக்கு மேலேயே தண்ணீர் இருக்கிறது! பிறகு ஏன் வரிசை? இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை யாரும் பிடிக்காமல் கானில் ஓடிவிடுவது 5,760 லீற்றர். பகலிலும், எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் அவ்வளவு ஓடுகிறது. இந்த லயத்துக்குத் தேவை ஒரு தாங்கி. மோட்டர் அல்ல.

அளந்ததைத் தேதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதம் இரண்டு தடவை போதும். இந்தக் கொப்பியை நான் வற்புறுத்துவதற்கு உமா ஓயாவும் ஒரு காரணம். புஹுல்பொல, டயரபா அணைகளில் சேரும் தண்ணீரை மலைக்கடியில் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் கரந்தகொல்லவில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் அது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிடத் தொடங்கியபின் பண்டாரவளைச் சுற்றுவட்டத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். 2024 ஏப்ரல் 24 அன்று திட்டம் திறந்துவைக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், மொணராகலைப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மலைக்குள் என்ன நடக்கிறது என்பது மேலேயிருந்து தெரியாது. ஒரு நாள் உங்கள் ஊற்று நின்றுபோனால், அது முன்பு எவ்வளவு ஓடியது என்பதற்குத் தேதியிட்ட கொப்பி இருந்தால் இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு வலு கூடும்.

ஊற்றைக் காப்பது

இதில்தான் பெரும்பாலான லயங்கள் கோட்டை விடுகின்றன. திறந்த குழியில் ஹோஸைப் போட்டு, வாயில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். மாடு இறங்குகிறது, இலை அழுகுகிறது, மழைக்குச் சேறு வருகிறது.

தண்ணீர் உண்மையில் எந்த இடத்தில் மண்ணைப் பிளந்து வருகிறதோ அதுவரை மெதுவாகத் தோண்டிப் போங்கள். களிமண் படுகையையோ பாறையையோ உடைக்காதீர்கள். உடைத்தால் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும். ஊற்றுக் கண் தெரிந்த இடத்தில் கழுவிய கருங்கல், அதன் மேல் சிறு கல் என்று அடுக்கி, முன்னால் ஒரு சிறு கொங்கிரீட் சுவர் எழுப்புங்கள். சுவரில் மூன்று குழாய் வேண்டும்: தண்ணீர் போகும் குழாய் அடியிலிருந்து அரை அடி உயரத்தில், வாயில் வலையோடு, கழுவிவிடும் குழாய் அடிமட்டத்தில், மிகை நீர் வழியும் குழாய் மேலே. வழியும் குழாய் கண்டிப்பாக ஊற்றுக் கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேங்கும் தண்ணீர் ஊற்றையே பின்னுக்குத் தள்ளி அடைத்துவிடும். கல்லின் மேல் களிமண்ணைப் போட்டு இறுக மிதித்து, கொங்கிரீட் மூடி போடுங்கள். ஊற்றுக்கு மேல்பக்கம் எட்டுப் பத்து மீற்றர் தள்ளி அரைவட்டமாக ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். சுற்றிலும் வேலி.

மேட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மலசலகூடக் குழி ஊற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். ஊற்றுக்கு மேட்டுப் பக்கம் என்றால் அந்தத் தூரமும் போதாது. மேலே தேயிலை நிரைகள் இருந்தால், அந்தப் பகுதியில் மருந்து அடிப்பதை நிறுத்தும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். புதிதாக டர்பன்டைன் மரம் நடுவதாக இருந்தால் தடுத்துவிடுங்கள். வேகமாக வளரும் அந்த மரம் ஊற்றுப் பக்கத்தில் ஆகாது. இருக்கிற நாட்டு மரங்களை வெட்டாமல் விட்டாலே பெரிய உதவி.

குழாயும் தாங்கியும்

பத்து மீற்றர் இறக்கத்துக்குக் குழாய்க்குள் நூறு கிலோபாஸ்கல் அழுத்தம் ஏறும். கடையில் 400, 600, 1000 என்று குழாயில் அச்சடித்திருப்பது அது தாங்கும் கிலோபாஸ்கல். 600 குழாய் அறுபது மீற்றர் இறக்கம் வரை தாங்கும். அதற்கு மேல் இறக்கம் இருந்தால் இடையில் மூடியுள்ள ஒரு சிறு தொட்டி கட்டி, தண்ணீரை அதில் விழவிட்டு மறுபடி எடுங்கள். அழுத்தம் பூச்சியத்துக்கு வந்துவிடும். விலை உயர்ந்த குழாயை முழு நீளத்துக்கும் வாங்கும் செலவு மிச்சம்.

குழாய் ஏறி இறங்கும் இடங்களில் மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். “தண்ணி வரல” என்ற முறைப்பாடுகளில் பல இதனால்தான். மேட்டில் ஒரு சிறு வால்வு போட்டால் காற்றைத் திறந்துவிடலாம். பள்ளத்தில் இன்னொன்று, சேற்றை வெளியேற்ற. குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். வெயில் படும் பிளாஸ்டிக் சில வருடங்களில் நொறுங்கிவிடும்.

தாங்கி எங்கே? இந்தக் கேள்வியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். 5,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஐந்து தொன் எடை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்தவர்கள் நம்மில் இல்லை. சரிவுக்கு மண்ணுக்குள் ஊறும் தண்ணீரே எதிரி. உடைந்த குழாயும், வழியும் தாங்கியும், அடைத்த கானும் அந்த ஊறலைக் கூட்டும். ஆகவே தாங்கிக்கு இடம் பார்க்கும்போது பதுளையிலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியும் தண்ணீரைக் குழாய் போட்டு, கல் பதித்த கான் வரை கொண்டுபோய் விடுங்கள். வெறும் மண்ணில் ஒரு சொட்டும் விழக்கூடாது. லயத்துக்குப் பின்னால் உள்ள கான்களை ஒக்டோபர் மழைக்கு முன் எல்லோரும் சேர்ந்து வெட்டிவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனமாக இருக்க வேண்டும். 100 என்றால் புறப்பட ஆயத்தமாக இருக்க வேண்டும். 150 என்றால், அல்லது ஒரே மணியில் 75 என்றால், வெளியேறிவிட வேண்டும்.

கூரையில் விழுவது

ஊற்றே இல்லாத மேட்டு லயங்களுக்கும் நகர வீடுகளுக்கும் இது. கூரை மழைநீரைச் சேர்க்கும் திட்டம் இலங்கையில் பெரிய அளவில் 1995இல் உலக வங்கி உதவியோடு பதுளை, மாத்தறை மாவட்டங்களில்தான் தொடங்கியது. பூசணிக்காய் வடிவத்தில் 5,000 லீற்றர் சீமெந்துத் தாங்கிகள் அப்போது கட்டப்பட்டன. கம்பி வலையில் சீமெந்து பூசுவதால் ஊர் மேசனே கட்டலாம். நகரங்களில் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2007இல் வந்தது.

நாற்பது சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்துவது போகக் கையில் சேர்வது 3,200 லீற்றர். மார்ச், ஏப்ரல் மழையில் தாங்கி நிரம்பிவிடும். அதைச் சமைக்கவும் குடிக்கவும் மட்டும், ஆளுக்கு 20 லீற்றர் என்று எடுத்தால், ஐந்து பேர் வீட்டுக்கு ஐம்பது நாள் வரும். குளிக்கவும் துவைக்கவும் எடுத்தால் இரண்டு வாரம் தாண்டாது. முதலில் பெய்யும் மழை தூசியையும் எச்சத்தையும் கழுவும். நாற்பது லீற்றராவது தாங்கிக்குள் போகாமல் வெளியே திருப்புங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையை உரசிக் கழுவ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

மோட்டர் தவிர்க்க முடியாவிட்டால்

நகரத்தில் மேல்தொட்டிக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாலை 6.30 முதல் 10.30 வரை மோட்டரைப் போடாதீர்கள். நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரம் அது; அதைச் சமாளிக்க விலை கூடிய எரிபொருளையும் எரிக்க வேண்டியிருக்கிறது. தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் மிதவைச் சுவிட்ச் மாட்டுங்கள். படுக்கப் போகுமுன் எல்லாக் குழாயையும் மூடி நீர்மானியின் எண்ணைக் குறித்துவைத்து, விடிந்ததும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் சிந்தினாலே நாளுக்கு 15 முதல் 20 லீற்றர்.

லயத்துக்குக் கீழே ஓடை ஓடுகிறதா? மின்சாரமே வேண்டாத ராம் பம்பை விசாரியுங்கள். ஓடும் தண்ணீரின் வேகத்தை வால்வு அடித்து அடித்து நிறுத்தும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கை மேலே தள்ளும் கருவி அது. மூன்று மீற்றர் வீழ்ச்சியில் நிமிடத்துக்கு 60 லீற்றர் கிடைத்தால், முப்பது மீற்றர் மேட்டுக்கு நாளுக்கு ஏறத்தாழ 5,000 லீற்றர் ஏறும். இரவு பகல் பாராது.

கொதிக்கும் தண்ணீர்

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சக்தியில் ஆயிரம் லீற்றரை மோட்டரால் பத்து மீற்றர் ஏற்றலாம். ஆகவே தண்ணீருக்காகப் போகும் விறகும் மின்சாரமும் பெரும்பாலும் அடுப்பில்தான் போகின்றன. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் விடாதீர்கள். மூடி போட்டு, கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் எரிப்பது வீண். நல்ல வெயில் நாளில், தெளிந்த தண்ணீரைச் சுத்தமான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து ஆறு மணித்தியாலம் வெயிலில் கிடத்தினாலும் கிருமி அழியும். முகில் இருந்தால் இரண்டு நாள். குளிக்கும் வெந்நீருக்கு, கூரையில் கறுப்புக் குழாயைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் வெயிலில் விறகு கணிசமாக மிச்சம்.

கடிதம்

ஊற்று இருக்கும் நிலம் தோட்டத்தினுடையது. வேலை தொடங்குமுன் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். துரை மாறினால் வாய்ப்பேச்சு நிற்காது. லயத்தில் ஒரு குழு அமைத்து, தண்ணீர் சுமக்கும் பெண்கள் அதில் பாதிக்கு மேல் இருக்கும்படி பாருங்கள். தாங்கி கழுவ, வால்வு மாற்ற, வீட்டுக்கு ஒரு சிறு தொகையை மாதாமாதம் சேருங்கள். பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதியுங்கள்.

தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கிவிட்டது. சபைகளின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் நிறைவேறும். ஓகஸ்டில் ஊற்றை அளந்து, அந்தக் கணக்கோடு, குழுவின் கையொப்பத்தோடு, செப்டெம்பரிலேயே உங்கள் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுங்கள். பிரதி ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.