செயலிக்குப் புகார் எழுதுகிறவருக்கு



சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே செயலியில் சீன எழுத்துப் படிக்கிறீர்கள், சரியாக எழுதினாலும் அது சிவப்புக் காட்டுகிறது, புகார் அனுப்பியும் பதில் இல்லை. செயலி செய்கிறவர்களுக்கு எழுதுவதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் எழுதினால் இல்லை. நகலையும் இணைத்திருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ‘எழுத்தைச் சரியாக அடையாளம் காணவில்லை, திருத்தவும்’ போன்ற ஒற்றை வரிகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இருப்பவர் எதைத் திருத்துவார்?

எந்த எழுத்து என்று சொல்லுங்கள், முதலில். வலப்பக்கம், இடப்பக்கம் என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தலைப்பகுதி ஒன்றுதான்: ஒரு படுக்கைக்கோடு, ஒரு சாய்கோடு. சீனாவில் இரண்டிலுமே படுக்கைக்கோட்டைத்தான் முதலில் இழுப்பார்கள். ஜப்பானில் ‘இட’த்துக்குப் படுக்கைக்கோடு முதலில், ‘வல’த்துக்குச் சாய்கோடு முதலில். கல்லூரி நாட்களில் ஜப்பானிய மொழி படித்ததாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் சிவப்புகளில் பாதி அங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். சிங்கப்பூர் 1969-இல் எளிய வடிவங்களைக் கொண்டுவந்தது. 1976-இல் சீனாவின் பட்டியலோடு முழுதாக ஒத்துப்போனது. ஆகவே செயலியில் சீனப் பெருநிலத்தின் முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு தேர்வே அதில் இல்லையென்றால், அதுதான் நீங்கள் எழுத வேண்டிய புகார்.

‘கொஞ்சம் தாராளமாக ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்று நீங்கள் எழுதியிருப்பதோடு எனக்கு உடன்பாடில்லை. ‘மண்’ என்ற எழுத்தையும் ‘கற்றவர்’ என்ற எழுத்தையும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இரண்டு படுக்கைக்கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு. கீழ்க்கோடு நீளமானால் மண். மேல்கோடு நீளமானால் கற்றவர். ‘இன்னும் இல்லை’, ‘முடிவு’ என்ற எழுத்துகளின் கதையும் இதேதான். விரலால் தேய்க்கும் சின்னத் திரையில் நீள வித்தியாசத்தைச் செயலி கண்டுகொள்ளாமல் விட்டால் இவை நான்கும் இரண்டாகிவிடும். எல்லா எழுத்துக்கும் ஒரே கறார் வைத்ததுதான் தவறு. இந்த ஜோடிகளுக்குக் கறாராகவும் மற்றவற்றுக்குத் தாராளமாகவும் இருக்கலாமே என்று எழுதுங்கள். எந்தெந்த ஜோடி குழப்புகிறது என்பதைப் படிக்கிறவர்தான் சொல்ல முடியும். சீன மொழியிலேயே வளர்ந்து செயலி செய்கிறவருக்கு மண்ணும் கற்றவரும் ஒருநாளும் குழம்பியிருக்காது.

அடுத்து உங்கள் போன். ‘எலும்பு’ என்ற எழுத்தின் மேல்பாகத்துக்குள் ஒரு சிறு மடிப்பு உண்டு. சீனப் பெருநில அச்சில் அது இடப்பக்கம் இருக்கும். ஜப்பானிலும் தைவானிலும் வலப்பக்கம். கணினிக்காக எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) இந்த எல்லா வடிவத்துக்கும் ஒரே எண்தான். எந்த வடிவம் திரையில் வரும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. ‘இது சீன மொழி’ என்று செயலி தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், போனின் அமைப்பில் நீங்கள் வைத்திருக்கும் மொழி வரிசையைப் பார்த்து எழுத்துருவைப் போன் எடுத்துக்கொள்ளும். அதில் சீனத்துக்கு முன்னால் ஜப்பானியம் இருந்தால் உங்களுக்கு ஜப்பானிய எலும்புதான் கிடைக்கும். செயலி செய்தவர் தன் போனில் பார்ப்பார், சரியாக இருக்கும், ‘எங்களுக்கு அப்படி வரவில்லையே’ என்று புகாரை மூடிவிடுவார். அவர் சோம்பேறி இல்லை. உண்மையிலேயே அவருக்கு வரவில்லை. போன் மாடல், மொழி வரிசை, ஒரு ஸ்க்ரீன்ஷாட் மூன்றும் கூடவே போனால் காரணம் அவருக்கு உடனே பிடிபடும்.

உச்சரிப்புப் புகார்களில் ஒன்றை, ‘குப்பை’ பற்றியதை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். குப்பையைப் பெய்ஜிங்கில் ‘லாஜி’ என்பார்கள், தைபேயில் ‘லெஸெ’ என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் வங்கியைக் குறிக்கும் ‘யின்ஹாங்’ சொல்லின் இரண்டாம் எழுத்து பற்றி எழுதியிருந்தீர்களே, அது நல்ல புகார். அதே எழுத்து தனியே ‘நட’ என்ற பொருளில் வரும்போது ‘ஷிங்’. எழுத்தை மட்டும் காட்டி ஒரே ஒரு ஒலியை விடையாக வைத்திருப்பது கேள்வியின் கோளாறு. சொல்லுக்குள் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

தமிழர் என்ற முறையில் நீங்கள் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் பின்யினில் b, p என்று எழுதப்படும், நமக்கு ஒன்றாகவே கேட்கும் இரண்டு ஒலிகள், மூச்சுக்காற்று வெளியே வருகிறதா இல்லையா என்பதில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. நம் காது அதைத் தள்ளிவிடுகிறது. அப்பாவைக் குறிக்கும் எழுத்துக்கும் அஞ்சுவதைக் குறிக்கும் எழுத்துக்கும் சீனத்தில் இந்த மூச்சு ஒன்றுதான் வித்தியாசம், தொனிகூட ஒன்றே. (பல வீடுகளில் வேறு வித்தியாசமும் இருக்காது.) ஆங்கிலம் பேசுகிறவருக்கு இது சுலபம், அவர் சொல்லின் தொடக்கத்தில் அந்த மூச்சை இயல்பாகவே விடுகிறார். அவரை மனத்தில் வைத்துச் செய்த செயலியில் இதற்குத் தனிப் பயிற்சி இருக்காது. நாம் கேட்காமல் வரவும் வராது.

எழுதிக் காட்டும் தேர்வை எடுத்துவிட்டு ‘நான்கில் ஒன்றைத் தொடு’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறீர்களே, அதை மட்டும் அனுப்பாதீர்கள். மதிப்பெண் ஏறும், எழுத்து மனத்தில் ஏறாது. சீனர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு. பின்யினில் தட்டச்சு செய்து பட்டியலிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பழகியதில் கையால் எழுதுவது மறந்துபோகிறது என்ற கவலை அங்கே பெரிதாகப் பேசப்பட்ட சமயத்தில்தான், 2013-இல், சீன மத்தியத் தொலைக்காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி நடத்தியது. உங்கள் வலி உண்மையானதுதான்: தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் திரும்பப் படிக்க வேண்டிய எழுத்து அட்டைகள் செயலியில் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கின்றன. அதை அப்படியே எழுதுங்கள். குவியலை நாட்களுக்குப் பிரித்துத் தருவதா, மறந்தவற்றை முதலில் கேட்பதா என்பதை அவர்கள் யோசிக்கட்டும். மனம் வெறுத்து விட்டுப் போனவர்கள் அவர்களுக்கு எழுதுவதில்லை. விடாமல் படிக்கிற நீங்கள்தான் எழுத முடியும்.

செயலி காட்டும் சொற்பொருள் தவறாக இருந்தால் செயலிக்காரரிடம் போக வேண்டாம். முதலில் செயலியின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைப் பாருங்கள். பல செயலிகளின் அகராதி ‘சிசி-செடிக்ட்’ என்ற பொது அகராதிதான். 1997-இல் பால் டெனிஸோவ்ஸ்கி தொடங்கிய ‘செடிக்ட்’டின் தொடர்ச்சி அது, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம்; தொகுப்பாளர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள். ஆதாரம் காட்டத் தவறாதீர்கள், வெறும் அபிப்பிராயத்தை ஏற்கமாட்டார்கள். அங்கே சேர்ந்த திருத்தம், அந்த அகராதியைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு செயலிக்கும் போய்ச் சேரும்.

ஆகவே பழைய புகாரை விட்டுவிடுங்கள். இன்றைக்குச் சிவப்புக் காட்டிய எழுத்துகளில் ஒன்றை மட்டும் எடுத்து, நீங்கள் என்ன எழுதினீர்கள், செயலி எதை எதிர்பார்த்தது, போனில் என்ன மொழி வரிசை என்று ஐந்து வரிகளில் அனுப்புங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்