உசிலை மரம்

பெரம்பலூர் ஜில்லாவில் எறையூர் முதலிய கிராமங்களைச் சார்ந்த மானாவாரிப் பகுதிகளில் குடியானவர்கள் நன்கறிந்த மரங்களுள் உசிலையும் ஒன்று. இதனைத் துரிஞ்சில் என்றும் அரப்பு மரம் என்றும் வழங்குவர். தாவர நூலார் இதற்கிட்ட பெயர் அல்பிசியா அமாரா என்பதாம். வறட்சிக்கு அஞ்சாத இம்மரம், நம் கவனக் குறைவினால் வயல் ஓரங்களினின்றும் மறைந்து போகலாகாது.

உருவ லக்ஷணம்:- உசிலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, நடுத்தர உயரமுடையது. இலை இரு முறை பிரிந்த கூட்டிலையாகும். சிற்றிலைகள் மிகக் குறுகியவை. கால் அங்குலத்துக்கும் குறைந்த நீளமுடையவை. மலர்கள் வெண்மை கலந்த மஞ்சள் நிறத்தில், சிறு பந்து போல் திரண்டு மணம் வீசும். காய்கள் தட்டையாயும் மெல்லியனவாயும் இருக்கும்.

வறட்சியைத் தாங்கும் விதம்:- வறண்ட தேசத்து மரங்கள் யாவும் நீரைச் சிக்கனமாகச் செலவிடுவனவே. எனினும் வழி வேறு. பலுசிஸ்தானத்தில் ஜியாரத் மலைப்பகுதியில் வளரும் ஜூனிபர், செதில் போன்ற நுண்ணிய இலைகளைக் கிளையோடு ஒட்ட வைத்து, ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கும். உசிலையோ நீர் குன்றுங்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுப் பின்னர் துளிர்க்கும். வெட்டிய அடிமரத்தினின்றும் மீண்டும் தழைக்கும் ஆற்றலும் இதற்குண்டு.

உபயோகங்கள்:- உலர்த்திப் பொடித்த இலையே தலை தேய்த்துக் குளிக்கும் அரப்புப் பொடி. தழை வயலுக்கு உரமாகும். ஆடுகள் விரும்பித் தின்னும். உறுதியான கட்டை விறகிற்கும் விவசாயக் கருவிகளுக்கும் ஏற்றது.

செய்ய வேண்டுவன:- இத்தனை பயன்களே இம்மரத்திற்குக் கேடாகவும் முடிகின்றன. ஆண்டுதோறும் எல்லாக் கிளைகளையும் கழித்துவிட்டால் மரம் பூத்துக் காய்ப்பதெங்ஙனம்? விதை விழாத இடத்தில் கன்று முளையாது. முளைத்த கன்றையும் ஆடு மேய்ந்துவிடின், முதிய மரத்தோடு அந்த இனமே அவ்விடத்தில் அற்றுப்போம். வெட்டினால் தழைக்கும் என்னும் நம்பிக்கை, உள்ள மரத்தைக் காக்குமேயன்றிப் புதிய மரத்தைத் தாராது.

ஆதலின், நிலக்காரர் ஒவ்வொருவரும் நல்ல மரங்கள் சிலவற்றை விதைக்கென ஒதுக்கி, அவற்றில் தழை கழியாது விடுதல் வேண்டும். முற்றி உலர்ந்த காய்களைச் சேகரித்து, விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மழைக்காலத் தொடக்கத்தில் வரப்போரங்களில் ஊன்றலாம். இளங்கன்றுகள் மெதுவாக வளருமாகையால், ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் அடையும் வரையில் முள்வேலியிட்டுக் காத்தல் அவசியம். கிராம அதிகாரிகள் புறம்போக்கு நிலங்களிலுள்ள உசிலை மரங்கள் அனுமதியின்றி வெட்டப்படாவண்ணம் கண்காணிப்பாராக.

நிழலும் தழையும் விறகும் இறைப்பு நீரின்றியே தரவல்ல மரம் இது. அதற்கு நாம் செய்யவேண்டிய கைம்மாறு, சில மரங்களைக் காய்க்க விடுவதும் சில கன்றுகளைக் காப்பதுமேயாம்.