14416: எண்ணைப் பலகையில் எழுதினால் போதுமா?

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் 14416 என்று எழுதி, அதை அழிக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். மனசு கஷ்டமாக இருந்தால் கூப்பிடலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் பேசுவார்கள் என்று விளக்கினேன். மூன்று மாதம் கழித்து, யாராவது கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "போன் அப்பாகிட்ட இருக்கும் டீச்சர். ராத்திரிதான் வீட்டுக்கு வரும்" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

டெலி மனாஸ் என்னும் இந்தத் தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் இதன் தலைமை மையம். நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் அவர் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது நேரில் பார்க்க அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒரே போன், ஒரே அறை உள்ள வீட்டிலிருந்து ஒரு பிள்ளை எப்படிப் பேசும் என்பதை நான் யோசிக்கவில்லை.

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், 2010-இல் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பேருந்தையே ஆலோசனை அறையும் மருந்தகமுமாக மாற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. மருத்துவர் சென்னையில் இருந்தபடி திரை வழியாகப் பேசுவார். நோயாளியை அழைத்து வரவும், மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறாரா என்று பார்க்கவும் அந்தப் பகுதியிலேயே ஆட்கள் இருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

தை மாதம் ஒரு மாணவன் வகுப்பில் தூங்கத் தொடங்கினான். எழுப்பினால் முறைப்பான். ஒருநாள் பக்கத்தில் இருந்தவனை அடித்துவிட்டான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நானும் முதலில் திட்டத்தான் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, இரவெல்லாம் கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியலுக்குக் காவல் படுக்கிறான். அறுப்பு நேரத்து மழையில் நெல் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. காய வைப்பதும், மூடுவதும், மறுபடி காய வைப்பதுமாக நாள் ஓடியது. அப்பா குடிக்கத் தொடங்கியிருந்தார். அம்மா சாப்பிடுவதில்லை.

அம்மாவை வரச் சொன்னேன். "எங்க வீட்டுல யாருக்கும் பைத்தியம் இல்லைங்க டீச்சர்" என்றார். "எனக்கே தூக்கம் வராம போனா நானும் கூப்பிடுவேன்மா" என்றேன். தலைமையாசிரியர் அனுமதியுடன், பள்ளி விட்ட பிறகு ஆய்வகத்தில் என் போனைக் கொடுத்து, எண்ணை அழுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்தவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள் என்றார். அடுத்த வாரம் மகனும் பேசினான்.

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். கதவு மூடக்கூடிய அறை வேண்டும். ஆசிரியர் ஓய்வறை ஆகாது, நம் காது சும்மா இருக்காது. பேசி முடித்ததும், பெற்றோர் விரும்பினால் அழைப்புப் பதிவை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். சிறாருக்கு மருத்துவர் தொலைவழி ஆலோசனை தர, உடன் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2020-இன் தொலை மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் அம்மாவிடமிருந்து தொடங்கியது நல்லதாயிற்று. ஆனால் வீட்டில் இருப்பவராலேயே பிள்ளைக்கு ஆபத்து என்றால் வழி வேறு. அப்போது 1098. சாக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றினாலும், தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே இருந்து நீங்களே அழையுங்கள்.

பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். சில நாள் தூங்குகிறான். எழுப்பினால் எழுந்து முகம் கழுவி வருகிறான். அம்மா மாதம் ஒருமுறை தஞ்சாவூர் போய் வருகிறார். அப்பா இன்னும் பேசவில்லை. குறுவை நடவு முடியட்டும், வருகிறேன் என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆய்வகச் சாவியை என் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.