சோலார் துறை வளரும், சரி! சோலார் பங்கு வாங்கினா நம்ம பணம் வளருமா?



சம்பளம் வந்ததும் எஸ்.ஐ.பி-க்கு ஒதுக்கிட்டு, மிச்சம் இருக்கிற ஐந்தாயிரம், பத்தாயிரத்தை எங்கே போடலாம்னு யோசிக்கிறவங்க இப்போ அதிகமா கேட்கிற கேள்வி: "சோலார்தான் எதிர்காலம்னு சொல்றாங்களே, ஒரு பங்கு வாங்கிப் போட்டுடலாமா?"

இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. துறை வளருமா? அந்த வளர்ச்சி பங்கு வாங்கினவர் கைக்கு லாபமா வருமா? முதல் கேள்விக்குப் பதில் கிடைச்சதுமே ரெண்டாவதை நிறைய பேர் மறந்துடறாங்க. ஒவ்வொன்னா பார்ப்போம்.

1. துறை வளருதா?

சந்தேகமே வேண்டாம். 2014-இல் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 3 ஜிகாவாட்டுக்கும் குறைவு. 2025 ஜனவரி முடிவில் அது 100 ஜிகாவாட்டைத் தாண்டியது. நிலக்கரி, எரிவாயு சாராத மின் திறனை 2030-க்குள் 500 ஜிகாவாட் ஆக்குவோம் என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 1 கோடி வீடுகளின் மாடியில் சோலார் வைக்க, ரூ.75,021 கோடியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024-இல் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கான ஜி.எஸ்.டி 12%-லிருந்து 5% ஆனது.

நம்ம ஊர்லயும் இதைப் பார்க்கலாம். நெல்லை கங்கைகொண்டானில் டாடா பவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் என்று பெரிய ஆலைகள் வந்துவிட்டன.

ஏன் இவ்வளவு வேகம்? விலை விழுந்ததுதான் காரணம். ராஜஸ்தான் பட்லா ஏலத்தில் 2017-இல் ஒரு யூனிட் ரூ.2.44-க்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ரூ.1.99-க்கே வந்தது. வாங்குறவருக்கு இது கொண்டாட்டம். ஆனா அந்த விலை இன்னொரு கம்பெனியோட வருமானம் என்பதையும் மனசுல வெச்சுக்கோங்க.

2. பேனல் தயாரிக்கும் கம்பெனிகள்

வெளிநாட்டு பேனல்களுக்கு 2022 ஏப்ரல் முதல் 40% சுங்க வரி போட்டார்கள். அரசுத் திட்டங்களில் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கும் பேனலை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மலிவான சீன பேனலுக்கு எதிராகக் கட்டிய மதில் சுவர் மாதிரி இது. சுவருக்கு உள்ளே இருந்த நம்ம கம்பெனிகளுக்கு நல்ல லாபம் கிடைத்தது.

லாபம் இருக்கிற இடத்துக்குக் கூட்டம் வராம இருக்குமா? 2025 ஆகஸ்டில் அந்தப் பட்டியலில் உள்ள ஆலைகளின் ஆண்டு உற்பத்தித் திறன் 100 ஜிகாவாட்டைத் தொட்டது. 2024-25 நிதியாண்டு முழுவதும் நாட்டில் புதிதாக நிறுவப்பட்டதோ சுமார் 24 ஜிகாவாட்தான். எல்லா ஆலையும் முழுத் திறனில் ஓடாது, ஏற்றுமதியும் உண்டு. இருந்தாலும் இடைவெளி பெரிது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கம்பெனி 17 ரூபாய் அடக்கத்தில் செய்ததை 20 ரூபாய்க்கு, 100 விற்கிறது. விற்பனை ரூ.2,000, லாபம் ரூ.300. அடுத்த வருஷம் போட்டியால் விலை 18 ரூபாய், ஆனா 150 விற்கிறது. விற்பனை ரூ.2,700, அதாவது 35% வளர்ச்சி. லாபம்? ரூ.150. பாதியாகிவிட்டது!

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. சீனாவின் சன்டெக், 2011-இல் உலகின் மிகப் பெரிய பேனல் நிறுவனம். 2013-இல் கடன் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் திவாலானது. 2024-இல் உலகம் சாதனை அளவில் சோலார் நிறுவியது. அதே வருஷம் சீன ஜாம்பவான் லாஞ்சி 860 கோடி யுவானுக்கு மேல் நஷ்டம் காட்டியது.

3. மின்சாரம் விற்கும் கம்பெனிகள்

இவங்க பெரும்பாலும் 25 வருஷ ஒப்பந்தத்தில், நிலையான விலைக்கு மின்சாரம் விற்பார்கள். வருமானம் சீரானது. ஆனால் ஆலை கட்ட வாங்கும் கடன் பெரிது. வட்டி ஏறினால் லாபம் இறங்கும்.

இன்னொரு சிக்கல், பகலில் எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்கின்றன, ஆனா மாலையிலும் தேவை அதிகம். மின்கடத்தும் லைன் போதாமல் 2025-இல் ராஜஸ்தானில் உற்பத்தியையே குறைக்க வேண்டி வந்தது. அதனால்தான் இனி சோலார் டெண்டர்களில் பேட்டரி சேமிப்பையும் சேர்க்கச் சொல்லி மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. அடுத்த வளர்ச்சி பேட்டரியிலும் லைனிலும் இருக்கு.

4. நல்ல கம்பெனி, ஆனா என்ன விலை?

பிரீமியர் எனர்ஜிஸ் 2024 ஐ.பி.ஓ விலை ரூ.450. என்.எஸ்.இ-யில் பட்டியலான அன்றே ரூ.990-இல் தொடங்கியது. வாரீ எனர்ஜிஸ் ரூ.1,503-லிருந்து ரூ.2,500. அலாட்மென்ட் கிடைத்தவருக்கு ஜாக்பாட். செய்தி பார்த்துட்டு மறுநாள் வாங்கினவர், பல வருஷ வளர்ச்சிக்கான விலையை முன்கூட்டியே கொடுத்துட்டார்.

பி/இ 60-இல் ஒரு பங்கு வாங்குறீங்க. ஐந்து வருஷத்தில் கம்பெனி லாபம் இரண்டு மடங்காகுது. ஆனா சந்தையின் ஆர்வம் குறைஞ்சு பி/இ 25-க்கு வருது. உங்க 100 ரூபாய் இப்போ சுமார் 83 ரூபாய். கம்பெனி ஜெயிச்சது, நீங்க தோத்தீங்க!

5. அப்போ என்ன செய்யலாம்?

• நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் வெச்சிருக்கீங்களா? அதுல என்.டி.பி.சி, ரிலையன்ஸ் இருக்கு. அது வழியா சோலார்ல ஏற்கெனவே கொஞ்சம் முதலீடு செஞ்சிருக்கீங்க.

• தனிப் பங்கு வேணும்னா, மொத்த முதலீட்டில் 5%-க்கு மேல் போகாதீங்க. எமர்ஜென்சி ஃபண்ட், டெர்ம் இன்ஷூரன்ஸ் இரண்டும் முடிச்ச பிறகுதான்.

• வாங்கும் முன் நாலு விஷயம் பாருங்க: லாப விகிதம் ஏறுதா இறங்குதா, கடன் எவ்வளவு, ஆர்டரில் ஏற்றுமதி எவ்வளவு, பி/இ என்ன.

• சொந்த வீடு இருக்கா? மாடியையும் ஒரு முதலீடா பாருங்க. 3 கிலோவாட்டுக்கு மத்திய மானியம் ரூ.78,000. மானியம் போக உங்க செலவு ரூ.1.2 லட்சம், வருஷத்துக்கு மின் கட்டணத்தில் மிச்சம் ரூ.20,000 என்று வைத்தால், 6 வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். மிச்சமாகும் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. ஆனா உங்க கரன்ட் பில் ஏற்கெனவே குறைவுன்னா இந்தக் கணக்கு ஒத்துவராது. கடைசி ஆறு பில்லை எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இங்கே சொன்ன கம்பெனிகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், வாங்கவோ விற்கவோ பரிந்துரை இல்லை. இந்தப் பி/இ கணக்கை நீங்க யோசிக்கிற பங்குக்குப் போட்டுப் பார்த்து, என்ன வந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!