வீடு திரும்பியபின் முதல் கூட்டம்

மதுவை நிறுத்துவதற்காக எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டவர் வீடு திரும்பும் நாளில், அவருடைய மனைவியோ தாயாரோ தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனிமேல் குடிக்க மாட்டார் அல்லவா, டாக்டர்?" அதற்கு உறுதிமொழி தர எங்களால் இயலுவதில்லை. கைநடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் முதலிய விலகல் அறிகுறிகளைப் பாதுகாப்பாகக் கடக்கச் செய்வது எங்கள் பணி. ஆனால் மாலை வேளையில் எழும் வேட்கை, சம்பள நாளில் காத்திருக்கும் நண்பர்கள், உறவினர் வீட்டு விசேஷங்கள் ஆகியவற்றை அவர் மருத்துவமனைக்கு வெளியேதான் எதிர்கொள்ள வேண்டும். அங்கே துணை நிற்பவை ஆதரவுக் குழுக் கூட்டங்கள்.

இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் ஏ.ஏ. அமைப்பாகும். 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்திருந்த பில் வில்சன், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியில் முடிய, மீண்டும் குடிக்கும் எண்ணம் எழுந்தது. அவர் மதுக்கூடத்துக்குச் செல்லாமல், தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித். மருத்துவம் கற்றும் தம் குடியை நிறுத்த இயலாதிருந்தவர் அவர். இச்சந்திப்புக்குப் பின்னும் ஒருமுறை சறுக்கி, பிறகு மீண்டார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10, அமைப்பின் தொடக்க நாளாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

இம்முறையின் பயன் ஆய்வுகளிலும் தெரிகிறது. 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. நோயாளியை முறைப்படி ஏ.ஏ.வில் இணையச் செய்யும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காதிருப்பதற்குப் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவியது என்பது அதன் முடிவு.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடைபெறும். கட்டணம் இல்லை. முழுப் பெயரோ முகவரியோ கூற வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் அனுபவத்தைக் கூற, மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். முதல் நாளில் பேசாமல் அமர்ந்திருக்கலாம். 'திறந்த கூட்டத்தில்' குடும்பத்தினரும் கலந்துகொள்ளலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது.

"தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால்?" என்று பலர் தயங்குகின்றனர். அங்கு வருபவரும் அதே காரணத்துக்காகவே வருகிறார். கேட்டதையும் பார்த்ததையும் வெளியே சொல்லாதிருப்பது அங்குள்ள மரபு. சில கூட்டங்கள் தேவாலய வளாகங்களில் நடப்பதால் மதமாற்றமோ என்ற ஐயமும் எழுகிறது. அமைப்பு எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இடம் மட்டுமே அவர்களுடையது. கடவுளைப் பற்றிய பேச்சு வரும். அதை அவரவர் நம்பிக்கைக்கேற்பப் பொருள்கொள்ளலாம்.

எவ்வாறு கண்டறிவது?

வீடு திரும்புவதற்கு முன்பே எங்கள் மனநலப் பிரிவிலோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446இலும், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இலும் வழிகாட்டுதல் பெறலாம். கூட்டத்தின் இடம், நேரம், மொழி ஆகியவற்றைப் புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே செல்வது நலம். 'ஆசை வந்தால் போகலாம்' எனக் காத்திருந்தால், ஆசை வந்த அன்று கால்கள் வேறு திசையில் செல்லக்கூடும். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறொரு குழுவுக்குச் சென்று பாருங்கள். பெண்கள், தங்களுக்கெனத் தனிக் கூட்டம் உள்ளதா என விசாரிக்கலாம்.

கூட்டங்கள் மருந்துக்கு மாற்றல்ல. உறுப்பினர் எவரேனும் கூறினார் என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்களிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தினருக்கு

கூட்டத்திலிருந்து திரும்பியவரிடம் "என்ன பேசினீர்கள்?" என்று துருவ வேண்டாம். போய் வந்ததே போதும். வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய 'அல்-அனான்' குழுக்கள் குடும்பத்தினருக்கானவை. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் அங்கே செல்லலாம். ஆண்டுக்கணக்கில் எவரிடமும் சொல்லாது சுமந்த அச்சத்தையும் அவமானத்தையும் இறக்கி வைக்க அது ஓர் இடம்.

மீண்டும் குடித்துவிட்டால்?

மறுநாளே கூட்டத்துக்குத் திரும்புங்கள். அங்கு எவரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் பல நாட்கள் தொடர்ந்து மிகுதியாகக் குடித்திருந்தால், வீட்டிலேயே திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். முதலில் எங்களிடம் வாருங்கள். வலிப்போ, மனக்குழப்பமோ, இல்லாதவை தெரிவதோ கேட்பதோ ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.

"இனிமேல் குடிக்க மாட்டார் அல்லவா?" என்ற கேள்விக்கு எங்களிடம் உறுதியான விடை இல்லை. "இந்த வாரம் எந்தக் கூட்டத்துக்குச் செல்வது?" என்று கேளுங்கள், அதற்கு விடை சொல்ல எங்களால் இயலும்.